கை பிடிக்காத கிளிகள்

எங்க வீட்ல ரெண்டு காக்கடைல் கிளி இருக்கு. பாண்டி, வள்ளி. வந்து ஒண்ணே முக்கால் வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ரெண்டில் ஒண்ணைக்கூட நான் தடவிக் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க கேட்கிற முதல் கேள்வியே "கையில எடுத்துக் குடுப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்"தான். "அதுங்க கைக்கு வராது மாமா" என்று சொன்னா ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க, கேம்பஸ் இன்டர்வியூவில் வெளியே அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பார்ப்பாங்களே, அதே பார்வை. அடுத்த கேள்வி: "அப்புறம் எதுக்குடா வளர்க்கறே?"

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அதான் இந்தப் பதிவு.

காக்கடைல் தெரியாதவங்களுக்கு: ஆஸ்திரேலியாக்காரன். மைனா அளவுதான் உடம்பு, நீளமான வால், தலையில ஒரு கொண்டை, கன்னத்துல ரூஜ் தடவின மாதிரி ஆரஞ்சு வட்டம். எடை 80லிருந்து 110 கிராம் வரைக்கும் இருக்கும். நல்லா கவனிச்சா 15, 20 வருஷம் வாழும். பாண்டி சாம்பல் நிறம், மஞ்சள் முகம். வள்ளி லுட்டினோ, அதாவது உடம்பெல்லாம் வெளிர் மஞ்சள், சிவந்த கண்ணு. அந்த ரகத்துக்கே உள்ளபடி கொண்டைக்குப் பின்னாடி சின்னதா ஒரு வழுக்கை. (அப்பா இதைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டார்.)

ரெண்டும் நான் வாங்கினது இல்லை. கூட ஆணி புடுங்கிட்டிருந்த நண்பன் ஆன்சைட் கிளம்பும்போது கூண்டோட கொண்டு வந்து இறக்கிட்டுப் போனான். அவன் ஒரு கடையில வாங்கினது. கடையில பறவையை எப்படிப் பிடிச்சுக் கொடுப்பாங்கன்னு பார்த்திருப்பீங்க. நாப்பது பறவை இருக்கிற கூண்டுக்குள்ள ஒரு கை போகும், எல்லாம் அலறிக்கிட்டு மூலையில ஒதுங்கும், கை ஒண்ணை அமுக்கி வெளியே எடுக்கும், ரெக்கை இறகைக் கத்திரிக்கோல்ல வெட்டும், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில திணிக்கும். அந்தக் கடைக்காரரைத் தனியா குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, நான் பார்த்த கடைகள்ல எல்லாம் இதே முறைதான். ஆனா அந்தக் கிளிக்கு மனுஷக் கை என்றால் என்ன என்பதற்கு அதுதான் முதல் பாடம். முதல் பாடத்தை யாருமே சுலபத்தில் மறக்கறதில்லை.

அந்தப் பாடம் இல்லாட்டியும் கைன்னா கிளிக்கு ஆகாது. யோசிச்சுப் பாருங்க. பறவைக்குக் கையே கிடையாது. அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது மேலேயிருந்து விரிஞ்சு வந்து இறுக்கிப் பிடிக்கிற ஒரே விஷயம் அது உலகத்துல என்ன? பருந்தோட கால். கண்ணு ரெண்டு பக்கமும் வச்சுப் படைச்சிருக்கிறதே அதைப் பார்த்துத் தப்பிக்கத்தான். நமக்கு, பூனைக்கு, ஆந்தைக்கெல்லாம் கண்ணு முன்பக்கம், அதாவது வேட்டைக்காரன் முகம். முன்பக்கக் கண்ணு ரெண்டையும் அகல விரிச்சு, "செல்லம்ம்ம்" என்று பல்லைக் காட்டிக்கிட்டு, மேலேயிருந்து கையை நீட்டறோம். நாம கொஞ்சறோம்னு நமக்குத் தெரியும். அதுக்கு?

இன்னொண்ணு. நாய் மனுஷனோட சேர்ந்து பத்தாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. காக்கடைல் கூண்டுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். சாம்பல் போய் மஞ்சள், வெள்ளைன்னு கலர் மாத்தியிருக்கோமே தவிர, உள்ளே இருக்கிறது இன்னும் ஆஸ்திரேலியப் பொட்டல்ல கூட்டமாப் பறக்கிற காட்டுப் பறவைதான். நாய்கிட்ட எதிர்பார்க்கிறதை இதுகிட்ட எதிர்பார்த்தா அது நம்ம பிரச்சனை.

"துண்டைப் போட்டு அமுக்கிப் பிடி. கொஞ்ச நேரம் துடிக்கும், அப்புறம் அடங்கிடும். ரெண்டு நாள்ல பழகிடும்" என்று ஒரு மாமா சொன்னார். நிறையப் பேர் சொல்ற யோசனை இது. அடங்கும் என்பது உண்மை. பழகிடும் என்பதுதான் இடிக்குது. 1967இல் மார்ட்டின் செலிக்மேன், ஸ்டீவன் மையர் என்று ரெண்டு பேர் நாய்களை வைத்துச் செய்த சோதனை சைக்காலஜி படிச்சவங்களுக்குத் தெரிந்திருக்கும். எவ்வளவு முயற்சி பண்ணாலும் தப்பிக்க முடியாத மாதிரி ஷாக் கொடுக்கப்பட்ட நாய்கள்ல பெரும்பாலானவை, அப்புறம் சுலபமாத் தப்பிக்க வழி இருந்த இடத்துலயும் தப்பிக்க முயற்சியே பண்ணாம படுத்துக்கிச்சு. பழகலை, கைவிட்டுடுச்சு. நம்ம பாஷையில சொல்லணும்னா, லாக்ல எரர் எதுவும் வரலைங்கறதால ப்ரோக்ராம் நல்லா ஓடுதுன்னு அர்த்தமில்லை. லாக் எழுதறதையே அது நிறுத்தியிருக்கலாம்.

அதனால நான் பழக்கினதுல முதல் ரெண்டு மாசம் வெறும் லாக் படிக்கிற வேலைதான். காக்கடைலுக்கு இது ரொம்ப வசதி, தலையிலயே ஆன்டெனா இருக்கே. கொண்டை பாதி சாய்ஞ்சு சும்மா இருந்தா நிம்மதியா இருக்கு. விறைப்பா நேரா நின்னா, ஏதோ புதுசா பார்த்துடுச்சு, உஷார். தலையோட ஒட்டிப் படுத்து, வாயைத் திறந்து "உஸ்ஸ்ஸ்"னு சீறினா, இதுக்கு மேல ஒரு இஞ்ச் வந்தேன்னா கடிப்பேன்னு நேரா சொல்லுது. உடம்பு இறகெல்லாம் ஒட்டி, ஒல்லியா நீண்டு, அசையாம சிலை மாதிரி நின்னா, அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் "பாரு, எவ்ளோ சமத்தா இருக்கு" என்பாங்க. அது சமத்து இல்லைங்க, பயத்தோட உச்சம். சாயங்காலம் அலகை "கிர்ர் கிர்ர்"னு அரைச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னா, தூக்கம் வருது, உலகம் சரியா இருக்குன்னு அர்த்தம். நான் அறையில இருக்கும்போதே வள்ளி முதல் தடவை அலகை அரைச்ச அன்னைக்கு எனக்கு அப்ரைசல்ல நல்ல ரேட்டிங் வந்த மாதிரி இருந்தது. (நிஜத்துல வந்ததில்லை, ஒரு கற்பனைதான் :-))

முறை என்று பார்த்தா ரொம்பச் சாதாரணம். கூண்டிலிருந்து எட்டு அடி தள்ளி ஒரு நாற்காலி. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துக்கணும், நேருக்கு நேர் முறைக்கக்கூடாது. லாப்டாப்பை வச்சுக்கிட்டு நம்ம ஆணியை நாம புடுங்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களில் இது ஓசியிலேயே நடக்கும். ரெண்டும் கொண்டையை இறக்கிட்டு இறகு கோத ஆரம்பிச்சா, மறுநாள் நாற்காலி அரை அடி முன்னே. ஏதாவது ஒண்ணு விறைச்சா, அரை அடி பின்னே. மூணு வாரத்துல கூண்டுக்குப் பக்கத்துல வந்தாச்சு. அதுக்குள்ள பாண்டி என் ஆபீஸ் கால் ரிங்டோனை அப்படியே விசிலடிக்கக் கத்துக்கிட்டான். ராத்திரி பதினோரு மணிக்கு அதைக் கேட்டு பதறி எழுந்திருச்ச கதையெல்லாம் இருக்கு.

அடுத்தது, கூண்டுக்குப் பக்கத்துல போய், கிண்ணத்துல ஒரே ஒரு துணுக்கு தினை போட்டுட்டு, உடனே திரும்பி வந்துடறது. போட்டுட்டு நின்னு பார்க்கறது இல்லை. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பயப்படற பறவைக்கு தினை ஒரு பரிசு, நாம விலகிப் போறது அதைவிடப் பெரிய பரிசு. "இவன் வந்தா நல்லது நடக்கும், அதோட போயிடுவான்" என்று அதுக்குப் புரிஞ்சிட்டா, வர்றதைப் பத்தின கவலை குறைஞ்சிடுது. அம்மாவுக்கு இதை விளக்கினப்போ, "உங்கப்பாவோட அத்தை வந்தா எனக்கும் அப்படித்தான்டா இருக்கும், ஆனா அவங்க போகமாட்டாங்களே" என்றாள்.

தினைன்னதும் ஒரு விஷயம். உலகம் பூரா கிளி வளர்க்கிறவங்க லஞ்சமாக் கொடுக்கிற அந்தக் கதிர் வேற எதுவுமில்லை, நம்ம தினைக்கதிரேதான். குறிஞ்சி நிலத்துத் தலைவி பரண் மேல உட்கார்ந்து கவண்கல் வீசி, தட்டையைத் தட்டிக் கிளி ஓட்டினாளே, அதே தினை. வள்ளியம்மை ஆலோலம் பாடிக் காவல் காத்ததும் இதைத்தான். ரெண்டாயிரம் வருஷமா இதை விட்டுக் கிளியைத் துரத்தின பரம்பரையில வந்துட்டு, இதை நீட்டிக்கிட்டு "வா, வா" என்று நான் கெஞ்சிக்கிட்டிருக்கேன். லுட்டினோவுக்கு வள்ளின்னு பேர் வச்சது அதனாலதான். பெயர்ப் பொருத்தம் தலைகீழா இருக்குன்னு அப்பா சொல்றார். இருக்கட்டும்.

கிண்ணத்துக்கு அப்புறம் நீளமான மரக்கரண்டி. கரண்டி நுனியில தினை. ஒவ்வொரு வாரமும் பிடியை ஒரு விரற்கடை முன்னே தள்ளிப் பிடிக்கணும். நாலாவது மாசக் கடைசியில பாண்டி என் விரல்லேருந்தே கதிரை இழுத்துச் சாப்பிட்டான். வள்ளிக்கு இன்னும் ரெண்டு மாசம் கூட ஆச்சு. ஒண்ணு மட்டும் கடைசி வரைக்கும் மாத்தலை. கூண்டுக்குள்ள இருக்கும்போது எந்தக் கிளி மேலயும் கை போகாது. கிண்ணம் மாத்தறது, தட்டு கழுவறது எல்லாம் ரெண்டும் வெளியே இருக்கும்போதுதான். அது அதுங்களோட வீடு. நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தன் கதவைத் தட்டாம வந்து கையை விட்டா நாம சும்மா இருப்போமா?

அப்புறம் குச்சி. சைனீஸ் ஓட்டல்ல கொடுப்பாங்களே, அந்த மாதிரி ஒரு குச்சி. குச்சி நுனியை அலகால தொட்டா, பால்பாயின்ட் பேனாவை "டிக்"னு ஒரு அமுக்கு, உடனே தினை. தொட்டதுக்கும் தினைக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு செகண்டை அந்த டிக் சத்தம் நிரப்பிடும். "நீ செஞ்சது இதோ, இதுக்குத்தான் கூலி" என்று அதுக்குத் தெரிஞ்சிடும். மூணு, நாலு நிமிஷம் போதும், காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பட்டினி எல்லாம் போடக்கூடாது, ஒவ்வொரு கிராமும் முக்கியம். ஸ்கின்னர் புறாக்களை வச்சுச் செஞ்ச ஆராய்ச்சியை அவர்கிட்ட படிச்ச கெல்லர் பிரிலேண்ட், மரியன் பிரிலேண்ட் தம்பதி 1940களில் தொழிலாவே ஆக்கினாங்க. அப்புறம் ஹவாயில் டால்பின் பழக்கின கேரன் பிரையர் 1984இல் எழுதின 'டோன்ட் ஷூட் தி டாக்' மூலமா இது நாய், பூனை, குதிரை வரைக்கும் பரவிச்சு. டால்பின்ல ஆரம்பிச்சதுல ஒரு நியாயம் இருக்கு பாருங்க. டால்பினுக்குக் கழுத்துல சங்கிலி போட முடியாது, அதட்ட முடியாது. பிடிக்கலைன்னா நீந்திப் போயிடும். அதோட சம்மதம் இல்லாம ஒரு வேலையும் வாங்க முடியாது. ரெக்கை வெட்டாத கிளியும் அப்படித்தான்.

ரெக்கைன்னா, வெட்டின இறகு தானா வளராது. அடிக்கட்டை உதிர்ந்து புதுசா முளைக்கணும். எங்க வீட்ல அது முழுசா நடக்க எட்டு மாசம் ஆச்சு. முதல்ல பறந்த அன்னைக்கு பாண்டி நேரா போய் ஜன்னல் திரைச்சீலையில தொங்கிட்டு, இறங்கத் தெரியாம கத்தினான். அன்னையிலேருந்து எங்க ஹால்ல ஒரு சட்டம்: கூண்டு திறந்தா ஃபேன் சுவிட்ச் மேல டேப். கொசுவலை இல்லாத ஜன்னல் திறக்கக்கூடாது. நான்ஸ்டிக் தவாவும் வீட்டை விட்டுப் போயிடுச்சு. அது காய்ஞ்சு புகைஞ்சா வர்ற வாயு கிளி நுரையீரலுக்கு எமன், நமக்கு வாசனைகூட தெரியாது. "மாமியாருக்குக்கூட நான் இவ்ளோ பயந்ததில்லை" என்று சொல்லிக்கிட்டே அம்மா இரும்புக்கல்லுல தோசை வார்த்தாள். தோசை முன்னைவிட நல்லாத்தான் இருக்கு.

"கிளி ஜோசியக்காரர் கூப்பிட்டா வெளியே வருது, சீட்டு எடுக்குது, சமத்தா உள்ளே போகுது. உன் கிளி?" என்று அப்பா ஒரு நாள் கேட்டார். அந்தக் கிளியும் ஒரு நெல்லுக்குத்தான் அதைச் செய்யுது. கூலி கொடுத்து வேலை வாங்கறதுல எங்களைவிட அவங்க பல தலைமுறை சீனியர். ஆனா அதுக்கு ரெக்கை கிடையாது, வேண்டாம்னு சொல்ற வசதியும் கிடையாது. தவிர, 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைக்கறதே குற்றம். 2024 தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியோட ஜோசியரை வனத்துறை பிடிச்சது எல்லாப் பேப்பர்லயும் வந்ததே. காக்கடைல் வெளிநாட்டு இனம், பல தலைமுறையா கூண்டிலேயே பிறந்து வளர்ந்தது, அதனால தடை இல்லை.

வேண்டாம்னு சொல்ற வசதி என்றேன் இல்லையா, அதுதான் எனக்கு இதுல முக்கியமாப் படறது. ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்த அலெக்ஸ் என்கிற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. 2007இல் செத்துப்போச்சு. நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லும். எனக்குப் பிடிச்சது அதெல்லாம் இல்லை. பாடம் போரடிச்சா "திரும்பப் போகணும்" என்று இங்கிலீஷ்ல சொல்லும், அதைக் கொண்டு போய் விடுவாங்க. நம்ம கிளிக்கு இங்கிலீஷ் தெரியாது, கொண்டைதான் தெரியும். அது சின்னதாச் சொல்லும்போதே நாம கேட்டுக்கிட்டா, பெருசாச் சொல்ல, அதாவது கடிக்க, அதுக்குத் தேவையே வராது. கடிக்கிற கிளின்னு பேர் வாங்கின கிளிகள்ல பலதும் மத்த எல்லா வழியிலயும் சொல்லிப் பார்த்துட்டு கடைசியா கடிச்ச கிளிதான்.

இவ்வளவும் பண்ணி என்ன கிடைச்சது? கொஞ்சறது இல்லை. ஒரு வருஷம் கழிச்சு பாண்டி தானா வந்து என் முழங்கைல உட்கார ஆரம்பிச்சான். விரலைக் கொண்டு போனா கொண்டை படுத்துடும், அதனால கொண்டு போறதில்லை. எனக்கு வேண்டியிருந்தது வேற. தராசு.

பறவைங்க நோயை மறைக்கும். கூட்டத்துல சோர்ந்து தெரியறவனைத்தான் பருந்து முதல்ல குறி வைக்கும், அதனால முடியற வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரியே நடிக்கும். இறகை உப்பிக்கிட்டு கூண்டுத் தரையில உட்கார்ந்தாச்சுன்னா, பல நேரம் அது கடைசி நாள். அதுக்கு முன்னாடி நமக்குத் தெரியறதுக்கு இருக்கிற ஒரே நல்ல வழி எடை. சமையலறைல பயன்படுத்தற டிஜிட்டல் தராசு, அது மேல ஒரு சின்ன மரக்குச்சி ஸ்டாண்டு. குச்சியைத் தொட வந்த கிளி, குச்சியைத் தொடர்ந்து நடந்து, ஸ்டாண்டு மேல ஏறி நிக்கும். டிக். தினை. தினமும் காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி எடை பார்த்து ஒரு எக்செல் ஷீட்ல போட்டுடுவேன். பொட்டி தட்டறவன் வேற என்ன பண்ணுவான்?

இந்த விஷயத்துல வள்ளியோட குரு நான் இல்லை, அம்மா. வள்ளிக்கு என்னைவிட அம்மாவைப் பிடிச்சுப் போச்சு. காரணம் பெருசா ஒண்ணுமில்லை, அம்மா அவளைக் கண்டுக்கவே மாட்டாள். தரையில உட்கார்ந்து பட்டாணி உரிச்சுக்கிட்டே சீரியல் கதையைச் சொல்லிட்டிருப்பாள். வள்ளி ஒவ்வொரு நாளும் ஒரு அடி கிட்ட வந்து, ஒரு நாள் தட்டு விளிம்புல ஏறி ஒரு பட்டாணியைத் திருடினாள். அப்புறம் புடவை முந்தானையில. அப்புறம் தோள்ல. போன ஆவணி மாசம், ஒரு மத்தியானம், அம்மா முன்னாடி தலையைக் குனிஞ்சு நின்னாள். காக்கடைல் தலையைக் குனிஞ்சா 'சொறிஞ்சு விடு'ன்னு அர்த்தம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஒத்தை விரலால கொண்டைக்குப் பின்னாடி, இறகு முளைச்ச திசைக்கு எதிர்ப்பக்கமா, மெதுவா. (முதுகை, ரெக்கைக்கு அடியில தடவக்கூடாது. பெட்டைக்கு அது ஜோடி சேர்ற சைகை, முட்டை முட்டையாப் போட்டு உடம்பு கெட்டுப் போகும்.) வள்ளி கண்ணை மூடிக்கிட்டாள். அம்மா அன்னைக்கு சித்திக்குப் போன் பண்ணி முக்கால் மணி நேரம் இதையே சொன்னாள்.

ஐப்பசி மழையில வள்ளி எடை இறங்க ஆரம்பிச்சுது. 91. 90. 88. மத்தபடி எல்லாம் சாதாரணம், விசில், சாப்பாடு, பாண்டியோட சண்டை. 86. ஆறாவது நாள் 84. கிட்டத்தட்ட எட்டு சதவீதம். 60 கிலோ ஆள் ஒரே வாரத்துல நாலரை கிலோ இறங்கின மாதிரி. லீவு சொல்லிட்டு பறவை பார்க்கிற டாக்டர்கிட்ட கொண்டு போனோம். எச்சத்தை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்துட்டு குடல்ல தொற்றுன்னு சொன்னார். "இவ்ளோ சீக்கிரம் கொண்டு வர்றவங்க கம்மி" என்றும் சொன்னார். மருந்து ஏழு நாள், காலைல ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, வாய் வழியா. தண்ணியில கலக்கக்கூடாது, எவ்வளவு குடிச்சுதுன்னு தெரியாது.

ஊசி இல்லாத சிரிஞ்சுல நீர்த்த ஆப்பிள் ஜூஸ் குடிக்க ரெண்டுக்கும் பழக்கிக்கிட்டிருந்தேன், இப்படி ஒரு நாள் வரும்னுதான். பாண்டி ஓடி வந்து குடிப்பான். வள்ளி சிரிஞ்சைத் தொடுவாள், குடிக்க மாட்டாள், அவ்வளவு தூரம்தான் வந்திருந்தோம். மருந்தோட கசப்புக்கு அதுவும் போச்சு. வேற வழியில்லை, துண்டுதான். பதினாலு தடவை.

பிடிக்கிறதுக்கும் முறை இருக்கு. பறவைக்கு நம்ம மாதிரி உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைஞ்சாத்தான் மூச்சு. நெஞ்சை அமுக்கினா மூச்சு நின்னுடும். தலைக்கு ரெண்டு பக்கமும் விரல், உடம்பைத் துண்டு தளர்வாச் சுத்தியிருக்கணும். டாக்டர் ரெண்டு தடவை செஞ்சு காட்டினார். யார் பிடிக்கிறதுன்னு ஆட்டோல வரும்போதே பேச்சு வந்தது. நான் பிடிக்கிறேன், அம்மா மருந்து விடட்டும் என்றேன். பிடிக்கிறவன்தான் பருந்து. அது நானா இருந்தா, அம்மாவும் வள்ளியும் அப்படியே இருக்கலாம்.

அம்மா ரொம்ப நேரம் மழையைப் பார்த்துட்டு வந்தாள். அப்புறம் "உன் கை நடுங்குதுடா" என்றாள். டாக்டர் ரூம்ல பார்த்திருக்கிறாள் போல. "குழந்தைக்கு மருந்து கொடுத்த கை இது. உனக்கு நாலு வயசுல ரெண்டு காலையும் முட்டியில அமுக்கிட்டுதான் கொடுப்பேன். நானே பிடிக்கறேன்."

"அவ அப்புறம் உன்கிட்ட வரமாட்டாம்மா."

"வராட்டிப் போறா. இருந்தாப் போதும்."

பதினாலு தடவையும் அம்மாதான் பிடிச்சாள். நான் மருந்து விட்டேன். ஹால்ல இல்லை, பின் ரூம்ல, அதுக்குன்னே ஒரு பச்சைத் துண்டு, முடிஞ்சதும் துண்டு கண்ணுல படாம உள்ளே போயிடும். மூணாவது நாள்லேருந்து வள்ளி அம்மா குரல் கேட்டாலே கொண்டையை ஒட்டிக்கிட்டு ஒல்லியா நீள ஆரம்பிச்சாள். நாலாவது நாள் அம்மா கட்டை விரல்ல ரத்தம். அதையும் சித்திக்குப் போன்ல சொன்னாள், சிரிச்சுக்கிட்டேதான். ஏழாவது நாள் எடை 87. ரெண்டு வாரத்துல 91. டாக்டர் மறுபடி எச்சத்தைப் பார்த்துட்டு, சரியாப் போச்சுன்னுட்டார்.

அதுக்கப்புறம் அம்மா ஹாலுக்கு வந்தாலே வள்ளி கூண்டோட பின் மூலைக்குப் போயிடுவாள். அம்மா என்கிட்ட எதுவும் கேட்கலை. ஒரு நாள் ஆபீஸ்லேருந்து வந்து பார்த்தா, என்னோட பழைய நாற்காலி எட்டு அடி தள்ளி இருந்தது, பக்கவாட்டில் திரும்பி. அதுல அம்மா, மடியில பட்டாணி. டிவி சத்தம் குறைச்சு வச்சிருந்தாள்.

இப்ப அஞ்சு மாசம் ஆச்சு. இந்தத் தடவை முன்னே மாதிரி எல்லாம் சீக்கிரம் நடக்கலை. அரை அடிக்கு ஒரு வாரம், சில வாரம் பின்னே. நாற்காலி இப்ப ரெண்டு அடில இருக்கு. போன ஞாயித்துக்கிழமை சித்தி குடும்பத்தோட வந்திருந்தாங்க. சித்தி பொண்ணு கூண்டுகிட்ட ஓடி, "பெரியம்மா, இதான் நீங்க தலை சொறிஞ்ச கிளியா? எனக்குக் காட்டுங்க" என்றாள்.

"இப்ப வேண்டாம் கண்ணு. அவளுக்கு எப்ப வேணுமோ அப்பதான்" என்று சொல்லிட்டு, அம்மா அவளையும் பக்கத்துல உட்கார வச்சு, கையில நாலு பட்டாணிக் காயைக் கொடுத்து உரிக்கச் சொன்னாள்.

டிஸ்கி: மாமா, இந்தப் பதிவை யாராவது உங்களுக்குப் படிச்சுக் காட்டினா, அடுத்த தடவை வரும்போது போட்டோவுக்குப் பாண்டி மட்டும் கிடைப்பான். அவனும் மூடு இருந்தாத்தான். வரும்போது தினைக்கதிர் ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க.